மாடி ஜன்னலில் போன், திண்ணையில் டேப்

மாசி, வெள்ளி

மகன் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த டேப்பில் சிம் போட இடமில்லை. சிம் உள்ளது, வைஃபை மட்டும் உள்ளது என்று இரண்டு வகை விற்கிறார்கள். இரண்டாவதற்கு விலை குறைவு. “உங்க போன்லதான் நெட் கிடக்கே பாட்டா, அதை இதுக்குக் குடுத்தா போரும்” என்று பேத்தி சொன்னாள். போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டுப் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். போன் டவரிலிருந்து வாங்கும் இணையத்தை வீட்டுக்குள் சின்ன வைஃபையாகப் பரப்புகிறது, டேப் அதைப் பிடித்துக்கொள்கிறது. விஷயம் இவ்வளவுதான். ஆண்ட்ராய்டு போன்களுக்கு இந்த வசதி 2010-இல் வந்தது, ஐபோனுக்கு அடுத்த வருடம்.

இதில் புதுமை என்று பெரிதாக ஒன்றுமில்லை. 1995 ஆகஸ்ட் 15-ஆம் தேதி விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோதும் கம்ப்யூட்டர் வெளியுலகுக்குப் போனது போன் வயர் வழியாகத்தான். மோடம் கிரீச்சிட்டு இணையும், இணைப்பைத் துண்டிக்கும்வரை அந்த வீட்டுக்கு யாரும் போன் போட முடியாது. இப்போது வயர் போய்விட்டது. இணையத்துக்குப் போனிடம் கைநீட்டுவது மட்டும் மாறவில்லை.

சனி

வீட்டைச் சுற்றித் தென்னந்தோப்பு. முன்பக்கம் பழைய ஓட்டு வீடு, பின்னால் கான்கிரீட் போட்டு எழுப்பிய மாடி அறை ஒன்று. மாடியின் கிழக்கு ஜன்னலில் டவர் முழுசாக எடுக்கிறது. திண்ணைக்கு வந்தால் ஒற்றைக் கோடு, அதுவும் வரும் போகும். காற்று வருவதோ திண்ணையில்தான்.

போனை மாடி ஜன்னலில் வைத்துவிட்டு டேப்போடு திண்ணைக்கு வந்தேன். படம் தடங்கலில்லாமல் ஓடியது. டவரைப் பிடிப்பது ஒரு வேலை, உட்கார்ந்து படிப்பது வேறு வேலை. இரண்டையும் ஒரே கருவி செய்யும்வரை சிக்னல் இருக்கும் இடத்துக்கு மனுசன்தான் போய் நிற்க வேண்டும். 2020-இல் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது பிள்ளைகள் மரத்தில் ஏறிப் பாடம் கேட்ட படங்கள் பத்திரிகைகளில் வந்தன. வேலையைப் பிரித்துவிட்டால் மரத்தில் ஏற வேண்டியது போன் மட்டுந்தான். ஹாட்ஸ்பாட்டின் பெரிய லாபம் இதுவென்றே நினைக்கிறேன். செட்டிங்ஸை எத்தனை தடவை நோண்டினாலும் போன் இருக்கும் இடத்தை மாற்றுவதற்கு ஈடாகாது.

ஒரே ஒரு செட்டிங் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹாட்ஸ்பாட்டுக்கு 2.4, 5 என்று இரண்டு அலைவரிசை உண்டு. 5-இல் வேகம் அதிகம், சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 வேகம் குறைந்தாலும் சுவர்களைத் தாண்டித் திண்ணைவரை வரும். எங்கள் வீட்டுக்கு 2.4 தான்.

ஞாயிறு

மண்டைக்காட்டு அம்மன் கோயிலில் மாசிக் கொடைக்குக் கொடியேறியது. இனி பத்து நாளும் இந்தச் சாலையில் பஸ் நிற்க இடமிருக்காது. இருமுடி கட்டிய பெண்கள் காலையிலிருந்தே போகிறார்கள்; கேரளத்துக்காரர்கள்தான் அதிகம்.

மத்தியானத்துக்குள் இன்றைய டேட்டா தீர்ந்துவிட்டது. ஹாட்ஸ்பாட் என்று அடையாளம் தெரியாதபோது டேப் அதையும் ஓசியில் கிடைக்கும் வைஃபை என்று நினைத்து ஆப்களையெல்லாம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். டேப்பின் வைஃபை பட்டியலில் நம் ஹாட்ஸ்பாட் பெயரைத் தொட்டால் அதை ‘மீட்டர்டு’ என்று குறிக்கும் இடம் வரும். குறித்துவிட்டால் பெரிய பதிவிறக்கங்களை நம்மைக் கேட்காமல் தொடாது. போனில் டேட்டா சேவரைப் போட்டு மிச்சம் பிடிக்கலாமே என்று தோன்றும். பல போன்களில் அதைப் போட்டவுடன் ஹாட்ஸ்பாட்டே அணைந்துவிடுகிறது.

நாள் அளவு முடிந்தபின் பெரும்பாலான திட்டங்களில் வேகம் 64 கே.பி.பி.எஸ்.-க்கு இறங்கிவிடும். ஐம்பது எம்.பி. உள்ள ஒரு புத்தகம் அந்த வேகத்தில் வந்துசேர ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் மண்டைக்காட்டுக்கு நடந்தே போய்க் கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம்.

செவ்வாய்

ஹாட்ஸ்பாட் போட்டால் போன் சுடுகிறது, சார்ஜும் மளமளவென்று இறங்குகிறது. அதனால் இன்றைக்கு ப்ளூடூத். போனையும் டேப்பையும் இணைத்து, போனில் ப்ளூடூத் டெதரிங்கைப் போட்டேன். டேப்பில் அந்தப் போனின் பெயருக்குப் பக்கத்திலுள்ள பல்சக்கரத்தைத் தொட்டு, இணையத்துக்கு அனுமதி கொடுத்தேன். பேட்டரிச் செலவு வெகு குறைவு. வேகம் ஒன்று, ஒன்றரை எம்.பி.பி.எஸ். இருந்தாலே அதிகம். ஒரு பத்து மீட்டர் வட்டத்துக்குள் இருக்க வேண்டும், ஆகவே மாடி ஜன்னல் வித்தை இதில் பலிக்காது.

வீடியோ பார்ப்பவர்கள் இதைக் கண்டு சிரிப்பார்கள். எனக்கு வேண்டியது எழுத்து. சுவிட்சர்லாந்திலிருந்த கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழைய நூல்களைத் தட்டச்சு செய்தே வைத்திருக்கிறார்கள். எழுத்தாக இருப்பதால் ஒரு நூல் முழுக்க ஒரு போட்டோவின் எடைகூட வராது. தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் பல நூல்கள் பக்கம் பக்கமாகப் படமெடுத்தவை. அவை பத்து, நூறு எம்.பி. என்று கனக்கும். முதலாவதற்கு ப்ளூடூத் தாராளம், இரண்டாவதற்கு ஹாட்ஸ்பாட்டே வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கி, கண்ணாடி போடாமலே படிக்க முடிகிறது. நம்ம தேரூர் கவிமணியின் மருமக்கள்வழி மான்மியத்தை அடுத்து எடுக்கவேண்டும்.

வியாழன்

மாதாந்திரப் பராமரிப்பு, காலையிலேயே கரண்டு போய்விட்டது. போனில் சார்ஜ் அடிமட்டம். டேப்பின் பேட்டரி பெரிது, அது நிறைந்திருந்தது. இரண்டு முனையும் சி-வகையாக உள்ள கேபிளால் இரண்டையும் பூட்டி, போனில் யு.எஸ்.பி. டெதரிங்கைப் போட்டேன். டேப்புக்கு நெட் போகிறது, டேப்பிலிருந்து போனுக்குச் சார்ஜ் வருகிறது. மூன்று வழிகளில் இதற்குத்தான் என் ஓட்டு: காற்றில் பரப்பாததால் போன் அவ்வளவு சுடுவதில்லை, பாஸ்வேர்டு வேண்டாம், பக்கத்து வீட்டு வைஃபைகளோடு இடிபடவும் வேண்டாம். குறை என்றால் கேபிள் நீளத்துக்குள் அடங்கியிருக்க வேண்டும். எல்லா டேப்பும் இதை ஏற்றுக்கொள்வதும் இல்லை. வாங்கும்போதே கடையில் பூட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

வெள்ளி

மண்டைக்காட்டில் ஆறாம் நாள், வலியபடுக்கைப் பூஜை. ராத்திரி போய்வந்தேன். எங்கு பார்த்தாலும் எல்.இ.டி. நான் சின்னப் பையனாக இருந்தபோது கொடைக்கடைகளில் பெட்ரோமாக்ஸ்தான். அதன் மேன்டில் பளீரென்று எரியக் காரணம் தோரியம். அந்தத் தோரியத்துக்கும் இந்த ஊருக்கும் ஒட்டு உண்டு. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டிப்போன மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டு, அது வந்த தடத்தைத் தேடி மணவாளக்குறிச்சிக்கு வந்துசேர்ந்தார். கொஞ்ச காலத்திலேயே இங்கே ஆலை எழும்பியது. இன்று ஐ.ஆர்.இ. மணல் ஆலை இருப்பது அந்த வழியில்தான். மோனசைட்டில் நியோடிமியமும் உண்டு. போன் ஸ்பீக்கருக்குள் இருக்கும் குட்டிக் காந்தத்தை அதில்தான் செய்கிறார்கள். உலகச் சந்தைக்கு அது பெரும்பாலும் சீனாவிலிருந்து போகிறது. ஊர் மணல் என் போனுக்குள் இருக்கிறது என்று பெருமையடிக்க வழியில்லை.

செவ்வாய்

கொடையின் கடைசி நாள், ஒடுக்கு. மாவட்டத்துக்கே விடுமுறை. சாயங்காலம் மாடி ஜன்னலில் கோடுகள் முழுசாக நிற்கின்றன, நெட் மட்டும் நகரவில்லை. பேத்தி ஹாட்ஸ்பாட்டை அணைத்துப் போட்டாள், கேபிளைப் பூட்டினாள், போனையே அணைத்துத் திறந்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. கோடு காட்டுவது டவர் நமக்குக் கேட்கிறதா என்பதை மட்டுமே. டவரிடம் எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று அது சொல்லாது. கோயிலைச் சுற்றி அத்தனை ஜனம், ஆளுக்கொரு போன், பாதிப்பேர் வீடியோ அனுப்புகிறார்கள். ஹாட்ஸ்பாட் இருக்கிற இணையத்தைப் பங்குபோடும், இல்லாததை உண்டாக்காது. முன்கூட்டியே டேப்பில் இறக்கிவைத்த புத்தகம்தான் கைகொடுத்தது. போய்வந்த சம்பந்தி வீட்டார் மண்டையப்பம் கொடுத்துவிட்டிருந்தார்கள். தலைவலிக்கு நேர்ந்துகொண்டு படைப்பது, எனக்கோ தித்திப்புக்காகவே பிடிக்கும்.

புதன்

மேலவீட்டுப் பெண் வந்து, “மாமா, பரீட்சைக்கு ஒரு மாடல் கேள்வித்தாள் இறக்கணும், உங்க நெட்டைத் தாருங்களேன்” என்றாள். பாஸ்வேர்டைச் சொல்ல வேண்டியதில்லை. ஹாட்ஸ்பாட் பக்கத்திலுள்ள கியூ.ஆர். கட்டத்தை அவள் போனுக்குக் காட்டினேன், ஒட்டிக்கொண்டது. ஒருமுறை ஒட்டிய போன் அடுத்தடுத்த நாளும் தானாக வந்து ஒட்டும். சிம் என் பேரில், அதில் யார் எதைச் செய்தாலும் விசாரணை என் வாசலுக்குத்தான் வரும். அவள் போனபின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். மறுபடி கேட்டால் மறுபடி கட்டத்தைக் காட்டினால் போகிறது.

மாடி ஜன்னலுக்கென்று பேத்தியின் கண்ணாடி கீறிய பழைய போனை நிரந்தரமாக வைக்கலாமா என்று யோசனை. என் போன் மேலே கிடந்தால் மகன் கூப்பிடுவது கீழே கேட்பதில்லை. தனி சிம், தனி ரீசார்ஜ் என்று செலவுதான். ராப்பகலாகச் சார்ஜில் போட்டுவைத்தால் பேட்டரி உப்பிவிடும் என்பதையும் பார்க்க வேண்டும். திங்கள்நகர் போகும்போது நீளமான சி-வகைக் கேபிள் ஒன்று வாங்கவேண்டும்.