ஹோமர் என்றதும் ஏன் சிரித்தோம்?

முதலாம் வருசம். விரிவுரையில் சேர் "ஹோமர்" என்று சொன்னதும் பின்வாங்கில் இருந்த நாங்கள் மூன்று பேரும் சிரித்துவிட்டோம். "என்ன சிரிப்பு? சொன்னால் நானும் சிரிப்பன்" என்றார். வாய் திறக்கவில்லை. எங்களுக்குத் தெரிந்த ஹோமர் மஞ்சள் நிறம், மொட்டைத் தலை, கையில் டோனட். கிரேக்க மகாகவியை அன்றுதான் கேள்விப்படுகிறோம்.

அன்றிரவு அறையில் ஒருவரும் அதிகம் கதைக்கவில்லை. கிளிநொச்சி, முள்ளியவளை, வவுனியா. மூன்று வீட்டிலும் 2009க்கு முந்திய புத்தகம் ஒன்றுகூட இல்லை. வன்னியால வந்ததுகள் ஒண்டும் வாசிக்காததுகள் எண்டு நினைச்சிருப்பினமோ?

பிறகு வீம்புக்கு 'சிம்ப்சன்ஸ்' முழுவதையும் திரும்பப் பார்க்கத் தொடங்கினோம். ஒரு போன், மூன்று தலை. 1990இல் வந்த முதல் ஹலோவீன் பகுதியில் எட்கர் அலன் போவின் 'காகம்' கவிதை அப்படியே வருகிறது. பார்ட்தான் காகம். 2002இல் வந்த ஒன்றில் ஹோமர் ஒடிசியஸாகவும் பார்ட் ஹாம்லெட்டாகவும் வருகிறார்கள். ஒடிசியைப் பாடியவரின் பெயர் கொண்டவனே ஒடிசியஸ்! இந்தப் பகிடி விளங்க எங்களுக்கு ஒரு விரிவுரை தேவைப்பட்டிருக்கிறது.

1998இல் வந்த ஒன்றில் பள்ளிக்கூட பஸ் கடலில் விழுந்து பிள்ளைகள் தீவொன்றில் அகப்படுகிறார்கள். கடைசியில் எப்படித் தப்பினார்கள் என்பதைக் கதைசொல்லி ஏனோதானோ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். எங்களுக்கு அது அரைகுறை முடிவாகத்தான் பட்டது. பிறகு வில்லியம் கோல்டிங்கின் 1954ஆம் ஆண்டு நாவலை நூலகத்தில் எடுத்து, அகராதியும் கையுமாக வாசித்தோம். அங்கே ஒரு கடற்படை அதிகாரி வந்து காப்பாற்றுகிறார். அந்த வசதியான முடிவைத்தான் காட்டூன் நக்கலடித்திருக்கிறது. ஆனால் நாவலில் பிள்ளைகள் பிள்ளைகளையே வேட்டையாடுகிற இடம் வந்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டோம். இரண்டு நாள் கழித்துத்தான் திரும்பத் திறந்தோம்.

முள்ளியவளைக்காரி ஒருநாள் சொன்னாள்: "நாங்கள் கண்ணகியையும் இப்பிடித்தானே அறிஞ்சனாங்கள்?"

உண்மைதான். அவள் சின்னனில் கோவலன் கூத்துப் பார்த்தவள், வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்குப் போனவள். மதுரையை எரித்த கண்ணகி இலங்கைக்கு வந்து பத்தாவதாகத் தங்கிய இடம் அது என்று அம்மம்மா சொல்லியிருக்கிறார். ஏ.எல்லுக்குச் சிலப்பதிகாரம் கையில் வந்தபோது அவள் முதலில் தேடியது வற்றாப்பளையைத்தான். கிடைக்கவில்லை. இளங்கோவின் கண்ணகி சேரநாட்டுக்குப் போகிறாள். "அப்ப அம்மம்மா சொன்னது பொய்யோ எண்டு அழுகை வந்தது" என்றாள். பிறகு விளங்கியதாம், ஊர் அந்தக் கதையை வாங்கித் தன் பங்குக்கு ஒரு அத்தியாயம் சேர்த்திருக்கிறது என்று.

கூத்துப் பார்த்துவிட்டுக் காப்பியத்துக்கு வந்தவர்களை ஒருவரும் குறைசொல்வதில்லை. காட்டூன் பார்த்துவிட்டு ஹோமருக்கு வந்தோம் என்பதற்கு மட்டும் ஏன் நாங்கள் தலைகுனிந்தோம்?

இப்ப மூன்றாம் வருசம். போன கிழமை சேரைக் கன்ரீனில் கண்டு, அன்றைக்குச் சிரித்த காரணத்தைச் சொன்னோம். அவர் அந்தக் காட்டூனைப் பார்த்ததே இல்லையாம். "எங்க, காட்டுங்கோ பாப்பம்" என்று கதிரையை இழுத்துப் போட்டார். டேட்டா எங்களுடையது, பிளேன்ரீ அவருடையது.