ஆட்காட்டி காட்டிய ஆள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் சென்ற ஆண்டு வரை ஒரு படம் மாட்டியிருந்தது. நான் எடுத்த படம்தான். ஓர் ஆட்காட்டிக் குருவி இரண்டு இறக்கைகளையும் அகல விரித்து, அலகைத் திறந்து, நேரே நம்மைப் பார்த்துப் பறந்து வருகிற காட்சி. பார்த்தவர்கள் எல்லாரும் "அடடா!" என்பார்கள். "உங்களை வரவேற்க ஓடி வருகிற மாதிரி அல்லவா இருக்கிறது!" என்று ஒரு நண்பர் சொன்னார். நானும் அடக்கத்தோடு தலையை ஆட்டிக்கொண்டு காப்பியை உறிஞ்சினேன். அந்தப் பறவை என்னிடம் உண்மையில் என்ன சொல்லிற்று என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

ஓய்வு பெற்றவர்களுக்கு ஏதாவது ஒரு பைத்தியம் பிடிப்பது வழக்கம். சிலருக்கு ஜோசியம், சிலருக்குக் கோயில் திருப்பணி. எனக்குக் காமிரா. அதற்கு ஒரு 400 மில்லிமீட்டர் லென்ஸ் வேறு. "இந்தப் பீரங்கியால் பேரனை எடுத்தால் மூக்கு மட்டுந்தான் விழுகிறது" என்று என் மனைவி குறைப்பட்டுக்கொண்டாள். மூக்குக்காகவா வாங்கினேன்? பறவைகளுக்காக அல்லவா வாங்கினேன்!

கம்பம் பள்ளத்தாக்கில் பறவைகளுக்குப் பஞ்சமில்லை. மேற்கே அரபிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை மறித்து, கர்னல் பென்னிகுயிக் 1895-ல் அணை கட்டி முடித்தார். மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகத் தண்ணீர் கிழக்கே திரும்பிற்று. இந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நிலம் அந்தத் தண்ணீரை நம்பியிருக்கிறது. வயலில் தண்ணீர் நின்றால் கொக்கும் நாரையும் உள்ளானும் தாமே வந்துவிடும். யாரும் அழைப்பிதழ் அனுப்ப வேண்டியதில்லை.

நான் சொல்ல வந்தது தண்ணீர் வருவதற்கு முந்தைய மே மாதத்துக் கதை. சின்னமனூருக்குப் பக்கத்தில் ஒரு தரிசில், வெறும் கட்டாந்தரையில், கூழாங்கற்களோடு கூழாங்கற்களாக நான்கு முட்டைகள். ஆட்காட்டிக்குக் கூடு கட்டும் வழக்கம் கிடையாது. முட்டையின் நிறமே அதற்குக் கதவும் பூட்டும். ஆள் வருவதைக் கத்திக் காட்டிக் கொடுப்பதால்தான் அதற்கு அந்தப் பெயர். அன்று அது காட்டிக் கொடுத்த ஆள் நான்.

காலை எட்டு மணிக்கு ஒரு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தேன். பறவை தலைக்கு மேலே வட்டமிட்டது, கத்திற்று, பாய்ந்து வந்தது, திரும்பிற்று, மறுபடியும் வந்தது. நான் படமாக எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். மணி பத்தாயிற்று. தரிசு அடுப்பாகக் காய்ந்தது. மண்வெட்டியோடு அந்தப் பக்கம் வந்த ஒரு பெரியவர் நின்று பார்த்தார்.

"படம் பிடிச்சாச்சா சார்?"

"இன்னும் கொஞ்சம் இருக்கிறது, பெரியவரே. கண் சரியாக விழவில்லை."

"நீங்க நெழல்ல இருக்கீங்க. அது முட்டை வெயில்ல கெடக்குது. வெந்து போயிரும் சார். அங்கிட்டுத் தள்ளிப் போயிருங்க."

அப்போதே நான் எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. "இதோ, ஆயிற்று" என்று சொல்லிவிட்டு மேலும் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். கூடத்தில் மாட்டிய படம் அந்த அரை மணியில் விழுந்ததுதான்.

எட்டு நாள் கழித்துப் போனேன். கத்துவதற்கு யாரும் இல்லை. நான்கு முட்டைகளும் வைத்தது வைத்தபடியே இருந்தன. ஒன்றில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. பெரியவர் வாய்க்கால் ஓரம் நின்றார். "நாய் வெரட்டுச்சோ, வெயிலோ, யாரு கண்டா சார்" என்றார். என் பெயரை அவர் சொல்லவில்லை. அவருடைய மரியாதை அது.

அதற்குப் பிறகுதான் புத்தகங்களைப் புரட்டினேன். வெயில் காலத்தில் ஆட்காட்டி தண்ணீரில் போய் வயிற்றுச் சிறகுகளை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளின் மேல் உட்காருமாம். ஈரத்தால் முட்டையைக் குளிர வைக்குமாம். அடைகாப்பது என்றால் சூடு கொடுப்பது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். நிழல் கொடுப்பதும் அடைகாப்பதுதான். அந்த நிழலைத்தான் இரண்டரை மணி நேரம் நான் தடுத்திருக்கிறேன்.

இன்னொன்றும் படித்தேன். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்கு விளக்கம் இருக்கிறது. சுடுவதும் பிடிப்பதும் மட்டுமல்ல. காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் வேட்டையே என்கிறது சட்டம். துப்பாக்கியைத் தொடாத சாது என்று என்னைப் பற்றி நானே எத்தனை பேரிடம் பெருமையடித்திருக்கிறேன்!

சில மாதங்கள் காமிராவைத் தொடவில்லை. "போய்த் தொலையுங்கள், வீட்டில் இப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதற்கு அது தேவலை" என்று மனைவியே பையை எடுத்துக் கொடுத்தாள். தேக்கடிக்குப் புறப்பட்டேன்.

கம்பம், கூடலூர், லோயர் காம்ப் தாண்டி மலையேறினால் குமுளி. அங்கிருந்து சிறிது தூரத்தில் ஏரி. நம் வயலுக்கு வருகிற தண்ணீர் தேங்கி நிற்கிற இடம் அதுதான். 26 சதுர கிலோமீட்டர் பரப்பு. சுற்றிலும் உள்ள காடு 1950-ல் பெரியாறு சரணாலயம் ஆயிற்று. 1978-ல் புலிகள் காப்பகம் ஆயிற்று. அணை கட்டியபோது மூழ்கிய மரங்கள் பட்டுப்போய், கறுத்து, இன்னும் தண்ணீருக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அந்த மொட்டை மரங்களில் நீர்க்காகங்கள் கூடு கட்டுகின்றன. பாம்புத்தாராக்கள் இறக்கையை விரித்துக் காய வைக்கின்றன. மூழ்கி மீன் பிடிக்கத் தோதாக அவற்றின் சிறகு தண்ணீரில் நன்றாக நனையும். ஆகவே கரையேறினால் துணி உலர்த்துவது போல உலர்த்தியே தீர வேண்டும்.

மூங்கில் தெப்பத்தில் போனோம். தெப்பத்தில் முக்காலி ஸ்டாண்டு நிற்காது. அதனால் வீட்டிலிருந்து இரண்டு கிலோ உளுந்தைத் துணிப் பையில் கட்டிக் கொண்டுபோய், அதன் மேல் லென்ஸை வைத்துக்கொண்டேன். எங்களை அழைத்துப் போனவர், ஒரு காலத்தில் அதே காட்டில் திருட்டுத்தனமாகக் காட்டு இலவங்கப் பட்டை உரித்து விற்றவர். அப்படிப்பட்டவர்களையே 1990-களின் பிற்பகுதியில் வனத்துறை வழிகாட்டிகளாக ஆக்கிற்று. ஒளியத் தெரிந்தவர்களுக்கு ஒளிபவர்களைப் பிடிக்கவும் தெரியும் அல்லவா?

ஒரு மொட்டை மரத்தில் நீர்க்காகக் கூடு. குஞ்சு தாயின் தொண்டைக்குள் தலையை நுழைத்து இரை எடுத்துக்கொண்டிருந்தது. லென்ஸில் அது கடுகளவுதான் தெரிந்தது. என் கை பரபரத்தது. வழிகாட்டி துடுப்பை நிறுத்திவிட்டார்.

"இதுக்கு மேலே போக வேண்டாம் சார். போனால் அது எழும்பிவிடும்."

நான் பேசவில்லை. அவரே சொன்னார்: "பட்டை உரிக்க வந்த காலத்திலே காட்டில் பறவை கத்தினால் எங்களுக்கு நடுக்கம். கார்டுக்கு ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். இப்போது நாம் வந்தும் அது கத்தாமல் இருந்தால், அன்றைக்கு வேலையைச் சரியாகச் செய்தேன் என்று அர்த்தம்."

எனக்குச் சின்னமனூர்த் தரிசு ஞாபகம் வந்தது. அங்கிருந்தபடியே படம் எடுத்தேன். பெரிய படக்காரர்களும் இதை அறிந்தவர்கள்தாம். நாவலாசிரியர் மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையிலேயே காட்டைப் படம் பிடித்தவர். ஆங்கிலத்திலும் தமிழிலும் இயற்கையைப் பற்றி எழுதியவர். 1950 முதல் 1996-ல் காலமாகும் வரை ஒரே பத்திரிகையில் அந்தத் தொடரை எழுதினார். அத்தனை வருஷம் பொறுமையாகப் பார்த்தவருக்கு அருகில் போய் நிற்கும் அவசரம் எதற்கு?

வீட்டுக்கு வந்ததும் பழைய படத்தைக் கழற்றினேன். அதிலிருந்தது வரவேற்பு அல்ல. "போ, போ" என்ற கதறல். அந்த ஆணியில் இப்போது தேக்கடிப் படம் தொங்குகிறது. நிறையத் தண்ணீர், ஒரு மொட்டை மரம், உச்சியில் ஒரு புள்ளி. பார்ப்பவர் யாரும் "அடடா" என்பதில்லை. "பறவை எங்கே சார்?" என்றுதான் கேட்கிறார்கள். நான் எழுந்து போய், "அதோ, பாருங்கள்" என்று விரலால் சுட்டுகிறேன். ஆளைக் காட்டுவது அந்தக் குருவியின் வேலை. குருவியைக் காட்டுவது என் வேலை.

உளுந்து என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? மறுநாளே வடையாயிற்று. பெரியவருக்கும் நாலு வடை கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "இந்த வருசமும் ஒண்ணு முட்டை வச்சிருக்கு சார்" என்றார். எந்த இடத்தில் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.