கறுப்புத் திரை

எங்கட சனசமூக நிலையத்துப் பழைய கணினிக்கு லினக்ஸ் போட்டது நாங்கள்தான். ஊர் அம்மம்மாக்கள் சொன்ன கதைகளைப் பதிந்து வைத்திருந்ததும் அதில்தான். ஒருநாள் கரண்ட் போய் வந்தபிறகு திரை முழுக்கக் கறுப்பு. பயனர்பெயர் கேட்டு ஒரு கோடு மட்டும் மினுங்கியது. எல்லாம் போச்சு எண்டு நினைச்சம்.

பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து ‘எல்எஸ்’ எண்டு அடிச்சால், கதைகள் எல்லாம் வரிசையாக நிக்குது! பிறகு ‘ஸ்டார்ட்எக்ஸ்’ எண்டு அடிச்சம். அது எக்ஸ் சேர்வரைக் கிளப்பி, அதுக்கு மேல டெஸ்க்டொப்பைத் தொடங்கும். கொஞ்சநேரத்தில் பழைய சுவர்ப்படமும் ஐகன்களும் வந்தன.

அதுவரை திரையில் தெரிகிற படங்களைத்தான் கணினி எண்டு நம்பியிருந்தம். அதுவும் உள்ளே ஓடுகிற இன்னொரு புரோகிராம்தான். அது விழுந்தாலும் கோப்புகள் இருக்கும். ஆனால் டிஸ்க் விழுந்திருந்தால்? அண்டைக்கே கதைகளை இரண்டு பென்ட்ரைவில் பிரதி எடுத்தம்.