மலைவழிக்கு ஓர் ஆற்றுப்படை

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், பட்டர்வொர்த் நகரை ஒட்டி அமைந்திருப்பது மாக் மண்டின். 1960ஆம் ஆண்டுகளில் இங்கே தொழிற்பேட்டை எழுந்தது. தீவில் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் 1972இல் தோன்றுவதற்கு முன்பே, இவ்வூரார் ஆலைச் சங்கின் ஒலிக்கேற்ப எழவும் உண்ணவும் உறங்கவும் பழகிவிட்டனர். காட்சிக்கு இனிய ஊர் என்று இதனை எவரும் சொல்லார். தகரக் கூரைகள், சரக்கு ஏற்றிய கனவுந்துகள், மழை பெய்தால் தேங்கும் நீர், எந்நேரமும் எங்கோ எரியும் எண்ணெயின் வாடை - இவையே இங்குள்ள காட்சிகள். அத்தகைய ஊரிலிருந்துதான் ஒருவர் நாட்டின் மலைகளையும் கடலையும் காணப் புறப்பட ஆயத்தம் செய்துகொண்டிருக்கிறார்.

அவர் ஒரு தொழிற்சாலையின் பண்டகசாலையில் இருபத்தொன்பது ஆண்டுகள் பணியாற்றியவர். ஐம்பத்தாறாம் வயதில் தாமாகவே வேலையை விட்டு விலகினார். தனியார் துறையில் குறைந்த அளவு ஓய்வு வயது அறுபது என்னும் சட்டம் 2013ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நடப்பில் இருக்கிறது. அவர் விரும்பியிருந்தால் இன்னும் நான்கு ஆண்டுகள் ஊதியம் பெற்றிருக்கலாம். உற்றார் கடிந்துகொண்டனர். ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் புத்தி தடுமாறிவிட்டது என்றனர் சிலர். பிரிவுபசார விருந்தில் உடன் வேலை செய்தோர் சுவர்க்கடிகாரம் ஒன்றைப் பரிசளித்தனர். நேரத்தின் பிடியிலிருந்து விடுதலை பெறுபவருக்குக் கடிகாரம் கொடுக்கும் வழக்கத்தை யார் தொடங்கி வைத்தாரோ!

விலகியதற்குக் காரணம் இருந்தது. பல ஆண்டுகளாக உடலில் இருந்த சர்க்கரை நோய், ஓசையின்றிக் கண்ணின் விழித்திரையைத் தொட்டுவிட்டது. மருத்துவர் லேசர் ஒளியால் சிகிச்சை செய்தார். நோய் மேலும் பரவாமல் தடுக்கலாம், போன பார்வையை மீட்பது அரிது என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னார். பகலில் வண்டி ஓட்டத் தடையில்லை, இருட்டிய பின் ஓட்டவேண்டா என்றும் அறிவுறுத்தினார். அன்று வீடு திரும்பியவர், அறுபது வயதில் காண்போம் என்று ஒதுக்கி வைத்திருந்தவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தார். பொதுப்பணித் துறையில் தார் ஊற்றும் வேலை செய்த அவருடைய தந்தை, சாலையின் ஒரு சில மைல்களைத் தம் உள்ளங்கை போல் அறிந்திருந்தார். அச்சாலை போய்ச் சேரும் ஊரை ஒரு நாளும் கண்டதில்லை. அதற்கடுத்த மாதம் பணிவிலகல் கடிதம் கொடுக்கப்பட்டது.

திட்டம் ஒரு பள்ளிப் பயிற்சி ஏட்டில் உருவாயிற்று. பண்டகசாலைக்காரர் அல்லவா? கோடு போட்டு, நாள், புறப்படும் இடம், சேரும் இடம், கிலோமீட்டர், எண்ணெய், தங்கும் செலவு என்று பத்தி பிரித்தார். மொத்தச் செலவு ஆறாயிரம் வெள்ளியைத் தாண்டக்கூடாது. அதற்கு மேல் சேமநிதியைத் தொடுவதில்லை என்பது மனைவிக்குக் கொடுத்த வாக்கு. பதினெட்டு ஆண்டுப் பழைமையான புரோட்டோன் சாகா மகிழுந்துக்கு நீர்த்தொட்டியும் தடைக் கட்டைகளும் மாற்றப்பட்டன. கிழக்குக் கரையில் நவம்பர் முதல் சனவரி வரை பருவமழை வெள்ளம். 2014 டிசம்பரில் கிளந்தான் பட்ட பாட்டை நாடே கண்டது. எனவே பங்குனி உத்திரம் கழிந்து புறப்படுவது என்று முடிவாயிற்று.

அவர் வரைந்த முதல் வழி இது: மாக் மண்டினிலிருந்து கூலிம், பாலிங் வழியாகக் கிரிக், அங்கிருந்து கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை ஏறி, தெமெங்கோர் ஏரியையும் பிரதான மலைத்தொடரையும் கடந்து ஜெலி, பின் கோத்தா பாரு, கடலைத் தொட்டுக்கொண்டே திரங்கானு, குவாந்தான், மெர்சிங் என இறங்கி ஜொகூர், திரும்பும்போது வடக்கு தெற்கு விரைவுச்சாலை. பாலிங்கில் அரை நாள் நிற்க வேண்டும் என்றும் குறித்திருந்தார். 1955 டிசம்பர் 28, 29ஆம் நாள்களில் துங்கு அப்துல் ரகுமானும் சின் பெங்கும் எதிரெதிரே அமர்ந்து பேசிய ஊர் அது.

இவ்வழியின் உயிர் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலைதான். அச்சாலை இல்லாத காலத்தில் பினாங்கிலிருந்து கோத்தா பாருவுக்குப் போக விரும்பியவர், தெற்கே கோலாலம்பூர் வரை இறங்கி, கிழக்கே குவாந்தானுக்குப் போய், மீண்டும் வடக்கே ஏறவேண்டும். ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். 1970இல் காட்டை வெட்டத் தொடங்கி 1982 சூலையில்தான் சாலை திறக்கப்பட்டது. இடையில் 1974ஆம் ஆண்டு கம்யூனிஸ்டு ஆயுதப் படையினர் மண்வாரி எந்திரங்கள் பலவற்றைத் தகர்த்தனர். காவல் நின்ற வீரர் சிலர் உயிர் நீத்தனர். திறந்த பின்னரும் தொடக்க ஆண்டுகளில் பகலில் மட்டுமே செல்ல முடிந்தது. 1989 டிசம்பரில் ஹட்யாயில் அமைதி உடன்பாடு ஏற்பட்ட பின்னரே அந்த அச்சம் அகன்றது. இன்று அவ்வழியே போவோர் அஞ்சுவது யானையை மட்டுமே. சாலையின் உச்சி ஆயிரம் மீட்டருக்கு மேல். காலையில் பனிமூட்டம் விலக நேரமாகும். இருபுறமும் பெலும், தெமெங்கோர் காடுகள். மலேசியாவில் வாழும் பத்து வகை இருவாச்சிப் பறவைகளும் அங்கே உள்ளன. ஏட்டின் ஓரத்தில் "இருவாச்சி" என்று எழுதி, இரண்டு கோடு போட்டிருந்தார்.

ஏட்டில் இருந்தவை நூலிலும் வரைபடத்திலும் கண்டவை. வழி அறிந்த ஒருவரிடம் கேட்கவேண்டுமே! தொழிற்பேட்டை வாயிலில் உள்ள தேநீர்க்கடையில் மாலைதோறும் வந்து அமரும் முதியவர் ஒருவர், அந்த மலைச்சாலையில் நெடுங்காலம் கனவுந்து ஓட்டியவர். அவரிடம் ஏட்டை நீட்டியபோது அவர் அதைத் திறந்தும் பார்க்கவில்லை.

"தம்பி, கிரிக்கில் எண்ணெய் நிரப்பாமல் மலையேறாதே. காலை எட்டுக்கு முன் ஏறாதே, மாலை ஐந்துக்குமேல் மலையில் இராதே. இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு போனால் சூடேறிவிடும், கியரைக் குறைத்துக்கொள். யானை நின்றால் ஒலியெழுப்பாதே, விளக்கைப் பளிச்சிடாதே. தூரத்திலேயே நிறுத்திவிடு. அது நம் சாலையில் நிற்கவில்லை, நாம்தாம் அதன் சாலையில் நிற்கிறோம்."

"அண்ணே, தங்குவதற்கு?"

"ஏரி நடுவே புலாவ் பண்டிங்கில் தங்கலாம். காசு கூட. கிரிக்கில் தங்கிவிட்டு விடிந்தபின் ஏறுவதே உன் கண்ணுக்கு நல்லது."

தமிழாசிரியர்களுக்கு இந்த உரையாடல் புதிதாகத் தோன்றாது. பத்துப்பாட்டின் இறுதியில் நிற்கும் மலைபடுகடாம் செய்வது இதனையே. இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகளில், நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன், எதிர்ப்பட்ட மற்றொரு கூத்தனுக்கு மலைவழி சொல்கிறான். பன்றிக்கு வைத்த பொறிகள் உண்டு, ஆதலால் விடிந்தபின் செல்க என்கிறான். தினைப்புனத்தில் யானையை ஓட்டக் காவலர் எறியும் கவண்கல் பறந்து வரும், மரத்தின் பின் ஒதுங்குக என்கிறான். வழுக்கும் இடத்தில் கொடியைப் பற்றுக, பொழுது சாய்ந்தால் குகையில் தங்குக என்கிறான். வழி பிரியும் இடத்தில் பின்னால் வருவோர் அறியும்படி புல்லை முடிந்து வைக்கச் சொல்கிறான். யானை, இரவு, வழுக்கல் ஆகிய மூன்றும் கிரிக் மலையிலும் இன்றும் அப்படியே இருக்கின்றன. கூத்தன் யாழும் முழவும் சுமந்தான். கனவுந்து ஓட்டியவர் பெட்டி பெட்டியாகச் சரக்குச் சுமந்தார். போய் வந்தவன் போகிறவனுக்குச் சொல்லும் அன்பு ஒன்றே.

ஆயினும் அந்நூலை வகுப்பில் நடத்துவோர் மலை வருணனையிலேயே நின்றுவிடுவது உண்டு. வழியிடைச் சிற்றூர்களில் யார் வரவேற்பர், அவர் வீட்டில் எப்படி உரிமையோடு புகலாம், அவர் என்ன உணவு தருவர் என்பதற்கும் புலவர் நிறைய இடம் தந்திருக்கிறார். தனிவழிப் பயணமும் அன்று அது; சுற்றம் சூழ, விறலியரும் உடன் நடக்கின்றனர்.

மாக் மண்டின் வீட்டில் அந்த மறு பாதியை நினைவூட்டியவர், மலைபடுகடாத்தைப் படித்திராத அவர் மனைவி. ஓர் இரவு உணவு முடித்தபின் அவர் ஏட்டை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார்.

"நீங்கள் பார்க்க வேண்டியவை எல்லாம் இருக்கின்றன. நான் பார்க்க வேண்டியவர்கள் இதில் யாருமே இல்லையே, என்னங்க?"

அவர் பிறந்தது பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். பால்மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. லயன் வீடுகளும் இடிக்கப்பட்டன. கோயில் மட்டும் இருக்கிறது என்றும், பழைய குடும்பம் ஒன்று அதைக் காத்து வருகிறது என்றும் கேள்வி. அத்தோட்டப் பள்ளியில் ஒரே பலகையில் அமர்ந்து படித்த தோழி கிளந்தானுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார். கிளந்தான் மாநிலம் முழுமைக்கும் ஒரே ஒரு தமிழ்ப்பள்ளிதான் உண்டு. கோல கிராய் வட்டாரத்துப் பாசிர் காஜா தோட்டத் தமிழ்ப்பள்ளி. தோழியின் பிள்ளைகள் அங்கேதான் படித்தனர். முன்பு தீபாவளி வாழ்த்து அட்டை, இப்போது கைப்பேசி. முகம் பார்த்து முப்பத்திரண்டு ஆண்டுகள். குவாந்தானில் தங்கை இருக்கிறார். அவர் கணவர் இறந்தபோது துக்கத்துக்குப் போய் அன்றே திரும்பியதோடு சரி.

கணவர் உடனே இசையவில்லை. கண் இருக்கும்போதே காடும் கடலும் காண வேண்டும் என்பது அவர் வாதம். மனிதரைக் கண் மங்கிய பின்னும் குரலால் அறியலாமே என்றார். "குரல்தான் முப்பத்திரண்டு ஆண்டாகக் கேட்கிறேனே" என்று மனைவி விடை சொன்னார். அதன்பின் இரண்டு நாள் வீட்டில் பயணப் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் காலை ஏட்டில் சில வரிகள் அடிக்கப்பட்டிருந்தன. பாலிங் போயிற்று. அதற்குப் பதிலாகத் தெற்கே சுங்கை சிப்புட், பின் கோல கங்சாரிலிருந்து லெங்கோங் வழியாகக் கிரிக். லெங்கோங் பள்ளத்தாக்கு 2012இல் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது என்ற செய்தியைத் தம் ஆறுதலுக்காகப் பக்கத்தில் எழுதிக்கொண்டார். ஜெலிக்கு அப்பால் கோல கிராய்க்கு இரண்டு நாள். குவாந்தானில் மூன்று நாள். நாளும் பணமும் கூட்டிப் பார்த்தபோது மெர்சிங்கும் ஜொகூரும் மிஞ்சின, அவையும் அடிக்கப்பட்டன. இருவாச்சி இருந்தது.

1955இல் ஆக்சுபோர்டு, கேம்பிரிட்சு மாணவர் அறுவர் இரண்டு லேண்ட்ரோவர் வண்டிகளில் இலண்டனிலிருந்து புறப்பட்டு, 1956 மார்ச்சில் சிங்கப்பூரை அடைந்தனர். வழி காண்பவர், பழுது பார்ப்பவர், படம் எடுப்பவர் என்று அவர்களிடையே வேலைப் பங்கீடு இருந்தது. மாக் மண்டினில் அறுவர் வேலையும் ஒருவர் தலையில். கிரிக் உச்சியில் திடீரெனக் கண் மறைத்தால் வண்டியை யார் இறக்குவது? இந்தக் கேள்வியை முதியவர் தேநீர்க்கடையில் கேட்டார். விடை வீட்டில் கிடைத்தது. மனைவியிடம் ஓட்டுநர் உரிமம் இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் தேர்ந்து, தவறாமல் புதுப்பித்து வந்தாரேயன்றி, வண்டியைத் தொட்டதில்லை.

ஞாயிறு மாலையில் தொழிற்பேட்டைச் சாலைகள் வெறிச்சோடிக் கிடக்கும். கனவுந்துகள் வாயில்களுக்குள் உறங்கும். தெருநாய்கள் மட்டும் எழுந்து பார்க்கும். இப்போது சில வாரங்களாக அந்நேரத்தில் பழைய சாகா ஒன்று அங்கே மெல்ல ஊர்ந்து செல்கிறது. வலப்பக்க இருக்கையில் மனைவி. இடப்பக்கத்தில் ஏட்டை மடியில் வைத்தபடி கணவர். முதல் வாரம் திருப்பம்தோறும் வண்டி நின்றது. நான்காம் வாரம் மூன்றாம் கியருக்கு மாறினார். அவர் இருபத்தொன்பது ஆண்டுகள் நுழைந்த வாயிலைக் கடந்தபோது மனைவி அதைக் கவனிக்கவில்லை. கண் சாலையில் இருந்தது. ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பழக மாக் மண்டினில் மேடு இல்லை. அடுத்த ஞாயிறு புக்கிட் மெர்தாஜாம் மலையடிவாரத்துக்குப் போவது என்று கணவர் ஏட்டில் குறித்து, ஓட்டுபவர் பெயர் எழுதும் பத்தியில் மனைவியின் பெயரை எழுதினார்.