பெண், பெயர் இல்லை

சேச்சிக்குத் தன் பிறந்த நாள் தெரியும். யூதர்களின் பெசாக் பண்டிகைக்கு நாலு நாள் முன்னால், மீன மாதத்தில், கொச்சி மட்டாஞ்சேரி வீட்டின் பின்கட்டில். வருஷம் கேட்டால் "நாற்பத்தேழு" என்பார். அதை எந்தக் காகிதம் சொல்லும் என்பதுதான் தெரியாது. ஏழெட்டு வயதில் குடும்பத்தோடு இஸ்ரேலுக்குப் போனவர். எழுபத்தெட்டாவது வயதில் ஒரு நாள் போன் செய்து, "மோனே, என் ஜனன சர்ட்டிபிகேட் கிட்டுமோ?" என்றார். தனக்காகக்கூட அல்ல. மகள் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கப் போகிறாளாம். அம்மா இந்தியாவில் பிறந்தாள் என்று காட்டினால் போதும்.

எனக்கும் அவர்களுக்கும் ரத்த உறவு இல்லை. என் தாத்தா பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிட்டங்கிக்குக் கணக்கப்பிள்ளையாக வந்தவர். குடியிருந்தது சேச்சியின் அப்பா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி. அந்த இரண்டு வீட்டுத் தூரம்தான் சொந்தம்.

இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. அதற்குப் பதிலாக 2005ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தோடு வந்தது ஓசிஐ, அதாவது 'ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா'. ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது, ஆனால் ஆயுள் முழுக்க விசா கேட்காமல் வந்து போகலாம். 1950 ஜனவரி 26 அன்று இந்தியக் குடிமகனாகும் தகுதி இருந்தவருடைய பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் வரை கேட்கலாம். வெளிநாட்டு ராணுவத்தில் இருந்தவர்களுக்குக் கிடையாது என்ற விதியால் இஸ்ரேல்காரர்கள் பாடு திண்டாட்டமாக இருந்தது. அங்கே பதினெட்டு வயதில் பெண்பிள்ளைகளும் பட்டாளத்துக்குப் போயாக வேண்டுமே. 2017 ஜூலையில் பிரதமர் மோடி டெல் அவிவில் பேசியபோது, கட்டாயச் சேவை செய்தவர்களுக்கும் அட்டை உண்டு என்று அறிவித்தார். அதன் பிறகுதான் சேச்சியின் மகளுக்கும் நப்பாசை வந்தது.

காகிதம் தேடக் கிளம்பினால் முதலில் மோதுவது, நாம் நிற்கும் ஊரே அந்த நாளில் வேறு நாடாக இருந்தது என்பதில். கோட்டைக் கொச்சி பிரிட்டிஷாருடையது. சென்னை மாகாணம், மலபார் மாவட்டம். 1866இலேயே அதற்கு முனிசிபாலிட்டி உண்டு. அதை ஒட்டிய மட்டாஞ்சேரியோ கொச்சி மகாராஜாவின் ராஜ்யம். நடந்து போய்விடக்கூடிய தூரத்தில் இரண்டு அரசாங்கம், இரண்டு பதிவேடு. 1949 ஜூலையில் கொச்சி திருவிதாங்கூரோடு சேர்ந்தது. 1956 நவம்பரில் கேரளம் பிறந்தது. கோட்டைக் கொச்சி, மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் மூன்றையும் சேர்த்து 1967இல் கார்ப்பரேஷன் ஆக்கினார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் அலமாரிகள் இடம் மாறின. அலமாரி இடம் மாறும்போது என்ன ஆகும் என்று கரையானைத்தான் கேட்க வேண்டும்.

தேடலை மூன்று காலண்டர் வைத்துக்கொண்டு தொடங்கினேன். சேச்சி கணக்கில் யூத வருஷம் 5707. அந்த நாளைய பதிவுக்காரர் எழுதியிருக்கக்கூடியது கொல்லம் ஆண்டு 1122. விண்ணப்பம் கேட்பது 1947. இத்தனைக்கும் மூன்றும் ஒரே பங்குனி வெயில்தான்.

மூன்றாவது முறை போனபோது, பிறப்புப் பதிவு அலுவலகத்தில் ஒரு நல்ல மனிதர் மாட்டினார். பழைய கட்டை இறக்கி வைத்து, தூசி தட்டி, விரலால் வரி வரியாக ஓட்டினார். கிடைத்தது! தேதி இருக்கிறது, தகப்பன் பெயர் இருக்கிறது, வீடு இருக்கிறது. குழந்தை என்ற இடத்தில் "பெண்". அவ்வளவுதான். பெயர் இல்லை. வீட்டில் பிறந்த குழந்தைக்குப் பெயர் வைக்குமுன்பே யாரோ போய்ப் பதிந்துவிட்டு வந்திருக்கிறார்கள். பிறகு போய்ப் பெயரைச் சேர்க்க யாருக்குத் தோன்றும்? பக்கத்து வரிகளைப் பார்த்தேன். பெண், ஆண், ஆண், பெண். ஒரு பக்கம் முழுக்கப் பெயரில்லாத பிள்ளைகள்.

தகப்பன் பெயரிலும் சிக்கல். யூதர்களுக்குக் குடும்பப் பெயர் இருந்தாலும், சுன்னத்திலும் கல்யாணப் பத்திரத்திலும் கல்லறையிலும் எழுதுவது இன்னார் மகன் இன்னார் என்றுதான். நம் இனிஷியல் மாதிரியேதான். மட்டாஞ்சேரி யூதரான ஏ.பி. சேலமுக்குக்கூட முன்னால் இரண்டு எழுத்து நிற்கிறதே. ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டு வந்த செபார்டி யூதர்களின் வழக்கத்தில், மூத்த பையனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர். நாமும் அதற்குத்தானே பேரன் என்று சொல் வைத்திருக்கிறோம். பெயரைத் தாங்குகிறவன். சேச்சி வீட்டிலும் அதே கதை: ஒரு தலைமுறையில் இன்னாரின் மகன் அன்னார், அடுத்ததில் அன்னாரின் மகன் இன்னார். ஏணிப்படி போல மாறி மாறி ஏறுகிறது. பதிவேட்டைப் பார்த்த இளைஞர், "சார், மகனும் அப்பாவும் இடம் மாறி எழுதியிருக்கே, தப்பா?" என்றார். அது தப்பில்லை தம்பி, அதுதான் வம்சம் என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் வந்தேன். போதாக்குறைக்கு ஒரே பெயர் மலையாளத்தில் யாக்கோபு, இங்கிலீஷில் ஜேக்கப், ஹீப்ருவில் யாகோவ் என்று மூன்று ஆள் ஆகிவிடும்.

இந்த வியாதிக்குக் கேரளத்தில் ஒரு மருந்து உண்டு. வில்லேஜ் ஆபீஸில் கொடுக்கும் 'ஒன் அண்ட் தி சேம்' சர்ட்டிபிகேட். இந்தப் பெயர்க்காரரும் அந்தப் பெயர்க்காரரும் ஒரே ஆள்தான் என்று கிராம அலுவலர் கையெழுத்திட்டுத் தருவது. என் அப்பாவுக்கே ஒருமுறை வாங்கியிருக்கிறோம். தமிழ்நாட்டுப் பள்ளியில் ஒரு எழுத்து, கொச்சி ரேஷன் கார்டில் இன்னொரு எழுத்து. ஆனால் ஊரில் இல்லாத ஒருவருக்கு, எழுபது வருஷம் முன்னால் கப்பலேறியவருக்கு, எந்த அலுவலர் தருவார்?

சேச்சியின் குடும்பம், சினகாக் என்று சுற்றுலாப் பயணிகள் வரிசை நிற்கிறார்களே, 1568இல் கட்டிய அந்தப் பரதேசி ஜெபாலயத்தைச் சேர்ந்ததல்ல. பக்கத்தில் இருந்த கடவும்பாகம் ஜெபாலயத்தைச் சேர்ந்தது. மலபாரி யூதர்கள். 'கறுப்பு யூதர்' என்று வெள்ளைக்காரர் புத்தகங்கள் எழுதிய கூட்டம். வெளியிலிருந்து வந்தவர்களான பரதேசிகள் இவர்களோடு பெண் கொடுத்து எடுத்ததில்லை. விடுதலை பெற்ற அடிமைகளின் வாரிசுகளைப் பரதேசி ஜெபாலயத்துக்குள் சரிசமமாக உட்காரக்கூட விடாத காலம் ஒன்று இருந்தது. அந்த வாரிசுகளில் ஒருவர்தான் சேலம். சென்னையில் சட்டம் படித்து, சத்தியாக்கிரகம் செய்து அதை உடைத்தார். 'யூத காந்தி' என்று பட்டம் வந்தது. ஜூ டவுன் தெருவுக்கு இன்று அவர் பெயர். வம்சத் தூய்மைக்காக எழுதிவைத்த காகிதங்களை நான் பக்தியோடு பார்க்காததற்கு அந்தத் தெருவும் ஒரு காரணம். யாரைச் சேர்ப்பதற்கு எழுதினார்களோ, அதே பேனாதான் யாரையோ விட்டிருக்கிறது.

கடவும்பாகத்தார் ஏறத்தாழ முழுசாக 1954, 55இல் புறப்பட்டார்கள். இஸ்ரேலின் 1950ஆம் ஆண்டுத் திரும்பிவரும் சட்டம் யூதர் என்றால் வா என்றது. ஆனால் அங்குள்ள சுகாதாரத் துறை யானைக்காலுக்குப் பயந்து இவர்களை வருஷக்கணக்கில் காக்க வைத்தது. கொச்சிக் கொசுவின் புகழ் அப்படி. ரத்தத்தில் என்ன ஓடுகிறது என்பதற்கு அப்போதும் ஒரு சர்ட்டிபிகேட் தேவைப்பட்டது. விதவிதமாகச் சோதித்து ஒருவழியாக அனுப்பினார்கள். தோரா சுருள்களை எடுத்துப் போனார்கள். பெண்கள் மலையாளப் பாட்டு எழுதிய நோட்டுப் புத்தகங்களை எடுத்துப் போனார்கள். பள்ளிச் சான்றிதழை யாரும் எடுத்துப் போகவில்லை. ஜெபாலயத்தின் மர வேலைப்பாடு பின்னாளில் ஜெருசலேம் அருங்காட்சியகத்துக்குப் போனது. வெறுங்கூடாக நின்ற கட்டடத்தின் ஒரு பகுதி 2019 செப்டம்பர் மழையில் சரிந்தது.

சேச்சியின் மகள் போனில் சிரிப்பாள்: "அங்கிள், என் ஆபீஸில் பாதிப் பேர் ஏதோ ஒரு பாஸ்போர்ட்டுக்குத் தாத்தாவைத் தோண்டுகிறார்கள்." உண்மைதான். போர்ச்சுகல் 2015இல், தான் ஐந்நூறு வருஷம் முன்பு துரத்திய யூதர்களின் வாரிசுகளுக்குக் குடியுரிமை தருவதாகக் கதவைத் திறந்தது. இத்தாலியில் 1861க்குப் பிந்தைய ஒரு மூதாதையைக் காட்டினால், தலைமுறை எத்தனை ஆனாலும் குடியுரிமை கேட்கலாம் என்றிருந்தது. பிரேசிலிலும் அர்ஜென்டினாவிலும் வரிசை நீண்டது. 2025இல் இத்தாலி தாத்தா பாட்டியோடு வாசலைக் குறுக்கிவிட்டது. அங்கும் பெண்வழிக்குத் தனிக் கணக்கு: 1948க்கு முன் பிறந்த பிள்ளைக்குத் தாயின் குடியுரிமை சேராது என்பது விதி, வழக்குப் போட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வேறொரு 1948 நினைவுக்கு வரும். இலங்கை தன் குடியுரிமைச் சட்டத்தில், தகப்பன் இங்கே பிறந்ததைக் காட்டு, இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் காட்டு என்றது. தேயிலைத் தோட்ட லயத்தில் பூட்டன் பிறந்ததற்கு எவன் பதிவு வைத்திருந்தான்? லட்சக்கணக்கான மலையகத் தமிழர் ஒரே சட்டத்தில் நாடற்றவர் ஆனார்கள். 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் உட்கார்ந்து, 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்துக்கொண்டார்கள். டெல் அவிவ் ஆபீஸில் இரண்டாவது பாஸ்போர்ட்டுக்குக் கேட்கும் அதே காகிதத்தைத்தான் ஹட்டனில் முதல் நாட்டுக்கே கேட்டார்கள்.

சரி, சேச்சி கதைக்கு வருகிறேன். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் கிடைத்தது. வயதில் ஒரு வருஷம் கூட. ஜூன் மாதம் பள்ளியில் சேர்க்க அந்த நாளில் எல்லா வாத்தியாரும் செய்த புண்ணியம். ஒரு காகிதத்தில் தேதி சரி, பெயர் இல்லை. இன்னொன்றில் பெயர் இருக்கிறது, தேதி தப்பு. இரண்டையும் தைக்க ஒரு நூல் வேண்டும். செர்லாயிப் பக்கம் இருந்து, எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த கொங்கணி அம்மாள் ஒருவர், தொண்ணூறைத் தொட்டவர், முத்திரைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தக் குழந்தையைத் தூக்கி வைத்திருந்ததாக. "பெசாக்குக்கு வீட்டையெல்லாம் கழுவிக்கிட்டு இருந்தாங்க, அப்பத்தான் வலி வந்தது" என்று நோட்டரியிடமே சொன்னார். அதை எழுத முடியாது என்றார் நோட்டரி.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.

போன வெள்ளிக்கிழமை சேச்சி, மட்டாஞ்சேரியில் உள்ள யூத ஞானி நெகேமியா மோத்தாவின் கல்லறையில் ஒரு மெழுகுவத்தி ஏற்றச் சொன்னார். சுற்றியிருந்த இடுகாட்டின் மேல் வீடுகள் வந்துவிட்டன. இந்த ஒரு கல்லறை மட்டும் நிற்கிறது. எல்லா மதத்தாரும் வந்து திரி ஏற்றுவதால் யாருக்கும் இடிக்கக் கை வரவில்லை போலும். சேச்சியின் பாட்டி எங்கே கிடக்கிறாள் என்று கேட்டால் ஏதோ ஒரு வீட்டின் அடுக்களையைத்தான் காட்ட முடியும்.

தீக்குச்சி கிழிக்குமுன் போன் போட்டேன். வேண்டிக்கொள்ள எந்தப் பேரைச் சொல்ல வேண்டும், பள்ளியில் இருக்கிறதா, இஸ்ரேல் அட்டையில் இருக்கிறதா என்று கேட்டேன்.

சேச்சி சிரித்தார். "ரெஜிஸ்டரில் உள்ளது போல 'பெண்'ணுன்னு மட்டும் பறஞ்சா மதி, மோனே."