மறுபக்கத்து வடம்

கிழக்குக் கரையிலிருந்து கண்டி வழியாகக் கொழும்பு செல்வோர் பேலியகொடையை அடைந்ததும், களனி கங்கையின் மேல் உயர்ந்து நிற்கும் புதிய பாலத்தைக் காண்பர். ஜப்பானியக் கடனுதவியால் எழுந்த அப்பாலம் 2021 நவம்பர் 24இல் திறக்கப்பட்டது. அதன் 380 மீற்றர் நீளமான பிரதான பகுதியைக் கோபுரங்களிலிருந்து சாய்ந்திறங்கும் உருக்கு வடங்கள் தாங்குகின்றன. இவ்வகையில் இலங்கைக்கு இதுவே முதற் பாலம். கட்டுநாயக்க அதிவேக வீதியிலிருந்து துறைமுகப் பகுதிக்குச் செல்லும் வாகனங்களின் நெரிசலைத் தணிப்பது அதன் பணி.

அதன் படத்தை வகுப்பிற் காட்டியபோது, கடற்றொழிலாளி ஒருவரின் மகன் எழுந்தான். "சேர், கோபுரம் ஒரு பக்கம் சாஞ்சிடாதா?"

நான் தமிழாசிரியன், ஆயினும் அறிந்ததைச் சொன்னேன். ஒரு பக்கத்து வடத்தின் இழுவையை மறுபக்கத்து வடம் ஈடுசெய்கிறது. இரு பக்கத்தையும் கணக்கிட்ட பின்னரே பொறியியலாளர் கோபுரத்தை எழுப்புகின்றனர்.

"அப்ப எங்கட ஹாபருக்கு ஏன் சேர் அப்படிக் கணக்குப் பாக்கல்ல?"

வகுப்பு அமைதியாயிற்று. அவன் குறித்தது ஒலுவில் துறைமுகத்தை. அட்டாளைச்சேனைப் பிரதேசத்தில், டென்மார்க்கின் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்டது அது. கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை அதன் அலைதடுப்புச் சுவர்கள் மறித்தன. தெற்கே மணல் குவிந்தது; துறைமுக வாயிலையும் மணல் அடைத்தது. வடக்கே நிந்தவூர் வரையில் கடல் கரையை அரித்தது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன. தோணியை இழுத்துவைக்கவும் இடமின்றிப் போயிற்று. கப்பல் வரும், தொழில் வரும் என்று காத்திருந்த மக்களுக்குக் கிடைத்தது கடலரிப்பே.

பெரும் நிர்மாணங்கள் வேண்டாமென்பது என் வாதமன்று. பாலமின்றி, துறைமுகமின்றி நாடு வளராது. ஆனால், அவற்றின் பயன் ஒருபுறம் கணக்கிடப்படும்போது, அதற்காக இழப்போரின் வாழ்வு மறுபுறம் கணக்கிடப்பட வேண்டாமா? களனிப் பாலத்தின் பாதையிலும் குடும்பங்கள் வீடுவாசலை விட்டுப் பெயர நேர்ந்தது. திறப்புவிழா மேடைகளில் இத்தகையோருக்கு இடமிருப்பதில்லை.

திறப்புவிழாவில் இல்லாவிடினும், திட்டம் வரையும் மேசையிலாவது கரைவலை இழுப்பவனுக்கு ஓர் ஆசனம் இடுங்கள். எந்தப் பருவத்தில் மணல் எத்திசை நகரும் என்பதை ஏடு எதுவும் புரட்டாமலே அவன் சொல்வான்.