கீரிமலைக் கேணியடி

கீரிமலைக்கு முதன்முறை வருவோர் மலையைத் தேடுவர். மலை அங்கு இல்லை. ஏறிப் பார்க்க ஒரு மேடுதானும் இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே, காங்கேசன்துறைக்கு மேற்கே, கடல் அலம்பும் சிற்றூர் அது. கீரி முகங் கொண்ட நகுல முனிவர் இங்கு நீராடி மனித முகம் பெற்றார் என்றும், குதிரை முகம் நீங்கப்பெற்ற மாருதப்புரவீகவல்லி மாவிட்டபுரத்திற் கோயில் எடுத்தாள் என்றும் பழங்கதைகள் கூறும். கதையை நம்புவோரும் நம்பாதோரும் குளிப்பதற்கு மட்டும் தவறாமல் வந்து சேர்வர்.

ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாத நாடு நம்முடையது. பெய்யும் மழை சுண்ணக்கற் பாறையின் வெடிப்புக்களிலே இறங்கி, நிலத்தின் கீழே வழி தேடிக் கடலை நோக்கிச் செல்கின்றது. அவ்வாறு செல்லும் நீரிற் சிறிது, உப்புக் கடலுக்கு அருகிலேயே ஊற்றாய்ப் பொங்குகின்றது. அதைக் கட்டியதே கீரிமலைக் கேணி. ஆடவருக்கு ஒன்று, பெண்டிருக்கு மறைவாக ஒன்று. அப்பால் நகுலேஸ்வரம்.

இங்கு குளிப்பதற்கும் ஒழுங்கு உண்டு. சென்ற ஆண்டு நாம் சென்றபோது, நேரே கேணியில் இறங்க முற்பட்ட கொழும்பு இளைஞர் சிலரைப் படியிலிருந்த முதியவர் ஒருவர் மறித்தார்.

“தம்பியவை, முதல் கடலிலை முழுகுங்கோ. பிறகு வந்து உப்பைக் கழுவுங்கோ.”

இளைஞர்கள் சிரித்துக்கொண்டே கடலுக்குச் சென்றனர். கீரிமலையான் ஒருவன் ஊருக்குத் தலைவனாக வேண்டியதில்லை. கேணிப் படியில் இருந்தாற் போதும், அதிகாரம் தானே வந்துவிடும்!

முன்னாளில் வண்டி கட்டிக் குடும்பமாக வருவர். கடற்குளிப்பின் பின் எழும் பசி சாதாரணப் பசி அன்று. கட்டுச்சோற்றைப் பிரித்துண்ண மடங்கள் இருந்தன. ஆடி அமாவாசையன்றோ உல்லாசம் ஒதுங்கி நிற்கும். தந்தையை இழந்தோர் எள்ளுந் தண்ணீரும் இறைக்க வருவர். மாவிட்டபுரக் கந்தனும் தீர்த்தமாட இக்கரைக்கே எழுந்தருளுவான். பிள்ளைகள் கும்மாளமிடும் அதே கடலிலேதான் நம்மவர் பெற்றோரின் சாம்பலையும் கரைக்கின்றனர். இரண்டும் ஒன்றையொன்று இடையூறு செய்வதாக இவ்வூரார் எவரும் எண்ணியதில்லை.

இந்தக் கரைக்கு மக்கள் வரமுடியாத காலமும் ஒன்று வந்தது. 1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கு மக்கள் கையில் அகப்பட்டதுடன் வீடு விட்டு வெளியேறினர். கோயில் போரிலே சிதைந்தது. உயர் பாதுகாப்பு வலயம் என்னும் பெயரோடு ஊர்கள் பல பூட்டிக் கிடந்தன. போர் 2009இல் முடிந்த பின்னரும் காணிகள் சிறிது சிறிதாகவே விடுபட்டன. நகுலேஸ்வரத்திற் குடமுழுக்கு நிகழ்ந்தது 2012இல். காங்கேசன்துறைக்கு மீண்டும் புகைவண்டி வந்தது 2015இல். ஊற்று மட்டும் ஆளில்லாத கேணியிலே அத்தனை ஆண்டுகளும் சுரந்துகொண்டே இருந்திருக்கும்.

நாம் கண்ட முதியவரும் அந்நாளில் வெளியேறியவரே. முகாமில் ஒரு தலைமுறைக் காலம் கழிந்தது என்றார். திரும்பி வந்தபோது வீட்டுக் கிணற்றைக் கொண்டுதான் வளவை அடையாளங் கண்டாராம். அவ்வளவே சொன்னார், பேச்சை அலை எத்தனை உயரம் என்பதற்குத் திருப்பிவிட்டார்.

ஆனால் ஒரு வழக்கத்தை அவர் விடவில்லை. மதிலிலிருந்து கேணியுட் குதிக்கும் ஒவ்வொரு சிறுவனையும் கூப்பிட்டு, “நீ ஆற்றை பெடியன்?” என்று வினவினார். முன்னொரு காலத்தில் அவ்வினாவுக்கு விடை தெரியாத முகம் இங்கு அரிது. அன்று கிடைத்த விடைகளோ வவுனியா, கொழும்பு, கனடா என்று போயின. அவரும் தலையசைத்துக்கொண்டே இருந்தார்.

ஐந்தாவதோ ஆறாவதோ, மெலிந்த சிறுவன் ஒருவன், பாட்டனின் பெயரையும் ஒழுங்கையையும் சேர்த்துச் சொன்னான். முதியவர் சால்வையை உதறித் தோளிற் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“கொப்பர் எங்கை நிக்கிறார்? காட்டு பாப்பம்.”

ஈரம் சொட்டச் சொட்ட அச்சிறுவன் முன்னே நடந்தான்.